சடையின் வேர் மெலிந்தால்: குறைப்பதா, சேர்ப்பதா, எடுத்தே விடுவதா?

முடி கொட்டுவது மற்றவர்களுக்குச் சீப்பில் தெரியும், இல்லையென்றால் குளியலறை ஜல்லடையில் தெரியும். ட்ரெட்லாக்ஸ், அதாவது சிக்குண்டு கயிறு கயிறாகத் திரண்ட சடை, வைத்திருப்பவருக்கு இரண்டிலும் தெரியாது. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது எந்தத் தலைக்கும் இயல்பு. சடையாகிவிட்ட தலையில் அந்த முடி கீழே விழுவதில்லை; பக்கத்து முடியோடு சிக்கிக்கொண்டு உள்ளேயே தங்கிவிடுகிறது. சடை வருடாவருடம் தடிப்பதற்கு இந்த உதிர்ந்த முடியும் ஒரு முக்கியக் காரணம். ஆகவே தோளில் புரளும் தடித்த சடையைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு "நமக்கென்ன குறை" என்று இருந்துவிட முடியாது.

உண்மை நிலவரம் வேரை ஒட்டிய முதல் இரண்டு மூன்று சென்டிமீட்டரில் இருக்கிறது. கைபேசி டார்ச்சைப் போட்டு, கூட இருப்பவர் யாரையாவது விட்டு ஒவ்வொரு சடையாக ஒதுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். சென்னையில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பியின் தலையை அப்படிப் பார்த்தோம். இடது நெற்றிப்பொட்டில் தொங்கிய சடை சுண்டுவிரல் பருமன். அதன் கழுத்திலோ எண்ணிவிடக்கூடிய அளவு முடிதான் மிச்சம். வேரை ஒட்டி வெள்ளை வெள்ளையாகச் சின்னக் குழல்கள். பார்த்தவுடன் ஈர் என்றுதான் தோன்றும். ஈர் முடியில் கெட்டியாக ஒட்டிக்கொண்டு நகராது. இது நகத்தால் தள்ளியதும் முடியோடு வழுக்கிக்கொண்டே வந்தது. முடியை விடாமல் இழுத்துக்கொண்டிருந்தால் மயிர்க்காலின் உள்ளுறை பிய்ந்து இப்படி வெளியே வரும். அவர் அதைப் பொடுகு என்று நினைத்து ஷாம்பூவை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

இந்தக் கட்டத்துக்கு வந்தவர்களுக்கு ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. வீட்டில் "அப்பவே சொன்னேன், வெட்டித் தொலை" என்பார்கள். சடை வைத்திருக்கும் நண்பர்கள் "விளக்கெண்ணெய் தேய், சரியாயிடும்" என்பார்கள். இரண்டுமே காரணத்தைக் கேட்காமல் சொல்லும் தீர்ப்பு. முடி ஏன் போகிறது என்பது தெரிந்தால்தான் எந்த வழி நமக்கு என்பது தெரியும். ஒருவருக்குச் சரியாக வந்த வழி இன்னொருவருக்கு இருக்கிற முடியையும் கெடுத்துவிடும்.

எங்கே மெலிகிறது என்று பாருங்கள்

நெற்றி ஓரம், நெற்றிப்பொட்டு, காதுக்கு மேலே, பிடரி. இந்த ஓரங்களில் மட்டும் போகிறதென்றால் முதல் சந்தேகம் இழுவை மேல்தான். இழுப்பதால் முடி போகும் என்பது மருத்துவத்துக்குப் புதிதல்ல. முடியை இறுக்கி உச்சியில் கட்டும் கிரீன்லாந்துப் பெண்களிடம் இதைக் கண்டு 1907லேயே எழுதியிருக்கிறார்கள். தலைப்பாகைக்குள் கொண்டையை இறுக்கிப் போடும் சீக்கிய ஆண்களுக்கு வருகிறது. பாலே நடனக்காரர்களுக்கும் வருகிறது. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் தோல் மருத்துவர் நொன்ஹ்லான்ஹ்லா குமாலோவின் குழு 2007ல் வெளியிட்ட ஆய்வில், பார்க்கப்பட்ட பெண்களில் 31.7 சதவீதம் பேருக்கு இழுவையால் வந்த முடி இழப்பு இருந்தது. ஆண்களில் வெறும் 2.3 சதவீதம். ஊர் ஒன்று, முடியின் வாகு ஒன்று. தலையில் செய்துகொள்ளும் அலங்காரம்தான் வேறு. குற்றவாளி பரம்பரையா பழக்கமா என்று கேட்டால் இந்த இரண்டு எண்களே பதில் சொல்லிவிடும்.

இழுவைக்கு வேறு அடையாளங்களும் உண்டு. புதிதாக முளைத்த முடியைச் சடையோடு சேர்க்க வேரை முறுக்கிக் கட்டிய மறுநாள் தலை வலிக்கும், வேரைச் சுற்றிச் சின்னச் சின்னப் பருக்கள் வரும். நெற்றியின் விளிம்பில் பூனைமுடி ஒரு வரிசை அப்படியே நிற்க, அதற்குப் பின்னால் சொட்டை விழும். சடைக்குள் போக முடியாத குட்டை முடி தப்பித்துவிடுகிறது, சடைக்குள் மாட்டிய முடி போய்விடுகிறது. ஆரம்பத்தில் பிடித்தால் இது திரும்பி வரும். வருடக்கணக்கில் விட்டால் மயிர்க்கால் இருந்த இடம் தழும்பாகிவிடும். அப்புறம் மருந்தும் கேட்காது, எண்ணெயும் கேட்காது.

ஏறு நெற்றியும் உச்சி மெலிவும் சேர்ந்து வந்து, பின்தலை மட்டும் அடர்த்தியாக இருந்தால் அது மரபு வழுக்கை. டிஹெச்டி என்ற ஹார்மோனுக்கு மசியும் மயிர்க்கால்கள் தலைமுறை தலைமுறையாக வருவது. ஒவ்வொரு சுற்றிலும் முடி முன்பைவிட மெல்லியதாக முளைக்கும். பெண்களுக்கு முன்கோடு அப்படியே இருந்து வகிடு மட்டும் அகலும். இதற்குச் சடை காரணமில்லை. ஆனால் மெலிந்த முடியில் பழைய எடை தொங்கினால் வேரோடு வருவதும் பாதியில் அறுவதும் கூடும். ஆண்களிடம் நான் அதிகம் கண்டிருப்பது இந்த இரண்டும் கலந்த நிலையைத்தான்.

டெங்கு, கடுமையான காய்ச்சல், பிரசவம், அறுவைச் சிகிச்சை, பட்டினி போன்ற டயட் ஆகியவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துத் தலை முழுக்கக் கொட்டுவது வேறு கதை. சடையில் இதைத் தேதி போட்டே படிக்கலாம். முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளர்கிறது. எல்லாச் சடையிலும் வேரிலிருந்து ஒரே தூரத்தில், 6 சென்டிமீட்டரில் என்று வைத்துக்கொள்ளுங்கள், இடுப்பு போல ஒடுங்கியிருந்து அங்கிருந்து வேர் பக்கம் மறுபடி தடித்திருந்தால், ஏதோ ஒன்று ஆறு மாதத்துக்கு முன்பு நடந்து முடிந்துவிட்டது என்று பொருள். வேர் தேறிவிட்டது. ஒடுங்கிய இடம் மட்டும் அறுந்துபோகாமல் பார்த்துக்கொண்டால் போதும். இந்த நிலையில் பயந்துபோய் எல்லாவற்றையும் வெட்டிக்கொண்டவர்களைப் பார்த்தால் வருத்தமாகத்தான் இருக்கும்.

காசு அளவில் வட்டமாக, வழவழவென்று சொட்டை விழுந்து ஒரு சடை முழுசாகக் கையோடு வந்தால் அது புழுவெட்டாக இருக்கலாம். உச்சியில் ஆரம்பித்து வட்டமாகப் பரவி, எரிச்சலோ வலியோ இருந்து, தோல் பளபளவென்று மயிர்க்குழியே தெரியாமல் ஆகிறதென்றால் தழும்பு வகை. ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்களிடம் அதிகம் காணப்படும் இந்த வகைக்கு, சிலரிடம் பிஏடிஐ3 என்ற மரபணுவில் பிழை இருப்பது 2019ல் கண்டறியப்பட்டது. இந்த இரண்டிலும் இந்தக் கட்டுரையை ஓரம் வைத்துவிட்டு நேராகத் தோல் மருத்துவரிடம் போங்கள். தழும்பு வகையில் ஒவ்வொரு மாதமும் கணக்கு.

பராமரிப்பை மாற்றிப் பார்ப்பது

செலவில்லாத வழி, முதலில் செய்ய வேண்டியதும் இதுதான். வேரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தால் எட்டு பத்து வாரத்துக்குத் தள்ளிப் போடுங்கள். மெலிந்த ஓரங்களை அப்போதும் தொட வேண்டாம். மொத்தச் சடையையும் அள்ளி உச்சியில் கொண்டை போடுவதை நிறுத்துங்கள். தூங்கும்போது தளர்வாக விடுங்கள்.

எந்த முறையில் பராமரிக்கிறோம் என்பதும் கணக்கில் வரும். உள்ளங்கையால் உருட்டுவது மென்மையாகத் தெரியும். ஆனால் ஜெல் போட்டு எப்போதும் ஒரே பக்கமாக முறுக்கினால் கழுத்து நாளாக ஆக இளைத்துவிடும். சடையின் நுனியை வேர் வழியாக நுழைத்து இழுக்கும் இன்டர்லாக் முறை நாட்பட நிற்கும், நீச்சல் அடிப்பவர்களும் வியர்ப்பவர்களும் விரும்புவார்கள். அது எல்லாவற்றையும்விட இறுக்கமும்கூட. ஒரே வாக்கில் நுழைத்தால் வேரில் பிளவும் விழும். உதிரி முடியைக் கொக்கியால் சடைக்குள் இழுக்கும் குரோஷே ஊசி ஒவ்வொரு குத்துக்கும் சில முடிகளை அறுக்கிறது. எதையும் செய்யாமல் தானாக வளர விடும் ஃப்ரீஃபார்ம்தான் மெலிந்த தலைக்கு நல்லது என்பது என் கருத்து. பார்க்க ஒழுங்காக இருக்காது என்பார்கள். அந்த ஒழுங்குக்குக் கொடுத்த விலைதான் நெற்றிப்பொட்டில் போன முடி.

நம்மூர் முடிக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். ஆப்பிரிக்கச் சுருள்முடி விட்டால் தானே சடையாகிவிடும். நம்மில் பலருக்கும் நேர்முடி அல்லது அலைமுடி. வேரில் புதிதாக முளைப்பது சடையாகாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். அதனால் இங்கே சடை கட்டிக்கொள்பவர்கள் ஊசியை அடிக்கடி எடுக்க வேண்டியிருக்கிறது. யூடியூபில் ஜமைக்காக்காரரோ அட்லாண்டாக்காரரோ சொல்லும் பராமரிப்பு அட்டவணையை அப்படியே எடுத்துக்கொண்டால் நமக்குப் பொருந்தாது. வேரில் மூன்று நான்கு விரல்கடை தளர்வாக, சடையாகாமல் நிற்பதைச் சகித்துக்கொள்ளப் பழகுவதுதான் நேர்முடிக்காரருக்கு உண்மையான பராமரிப்பு.

பாதியாகக் குறைப்பது

யாரும் பேசாத வழி. என்னைக் கேட்டால் இழுவைக்கும் கலப்பு நிலைக்கும் முதலில் யோசிக்க வேண்டிய வழி. சடையை வைத்துக்கொள்வதா எடுப்பதா என்று இரண்டில் ஒன்றாகவே எல்லோரும் யோசிக்கிறார்கள். நீளம் என்று மூன்றாவது ஒன்று இருப்பது மறந்துவிடுகிறது.

வேர் தாங்குவது எடையை. 60 சென்டிமீட்டர் சடையை 30 ஆக்கினால் எடை பாதியாகிவிடும். நுனிப் பக்கம் தடிமனான சடையென்றால் பாதிக்கு மேலேயே குறையும். ஈரத்தில் இது இன்னும் முக்கியம். முடியே தன் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை உறிஞ்சும். சடையின் இடுக்குகளில் நிற்கும் தண்ணீர் அதற்கு மேலே. தலை குளித்ததும் சடைகளைச் சமையலறைத் தராசின் தட்டில் ஏந்தி வைத்துப் பாருங்கள், காய்ந்ததும் மறுபடி பாருங்கள். அந்த வித்தியாசத்தை வாரத்தில் இரண்டு நாள் நனைந்து தளர்ந்த வேர் தாங்கிக்கொண்டிருக்கிறது. சென்னை, கொழும்பு மாதிரிக் கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் நீளச்சடை உள்ளே காய ஒரு நாளுக்கு மேலாகும். ஈரத்தோடு கட்டிவைத்தால் பூஞ்சை வாடை வேறு. மணியும் சோழியும் கோத்திருந்தால் அவற்றையும் கழற்றிவிடுங்கள், குறைந்தது முன்பக்கத்தில்.

இழப்பு என்னவென்றால் வருடங்கள். 30 சென்டிமீட்டர் என்பது ஏறக்குறைய இரண்டரை வருட வளர்ச்சி. வெட்டியதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேர் தேறினால் அதே சடையை ஊசியால் கோத்து ஒட்டலாம். தேறுவதற்கு முன்பே ஒட்டினால் வெட்டியதற்கு அர்த்தமில்லை. மரபு வழுக்கைக்கு இந்த வழி மருந்தல்ல, ஆனால் மருந்து வேலை செய்ய அவகாசம் கொடுக்கும்.

இரண்டை ஒன்றாகச் சேர்ப்பது

அறுந்துவிடும் நிலையில் இருக்கும் சடையைப் பக்கத்துச் சடையோடு வேரில் இணைத்துவிடுவது. இரண்டு வேர்கள் சேர்ந்து தாங்கும், சடை கைக்கு வராமல் தப்பும். பக்கத்துச் சடை நன்றாக இருந்து, இரண்டுக்கும் இடையே தூரம் குறைவாக இருந்தால் சரி. நெற்றிப்பொட்டுச் சடையை அதற்குப் பின்னால் நாலு விரல் தள்ளி இருப்பதோடு இணைத்தால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்ப்பக்கம் இழுக்கும். இழுவையைக் குறைக்கப் போய் கூட்டின கதைதான். சேர்த்த பிறகு வகிடுகள் அகலமாகத் தெரியும் என்பதும் நினைவிருக்கட்டும். எடையும் அப்படியேதான் இருக்கிறது. குறைத்துவிட்டுச் சேர்த்தால் பலன் உண்டு, குறைக்காமல் சேர்ப்பது தள்ளிப் போடுவது.

மெல்லிய சடைக்காரர்கள் இதில் தனி. 1993ல் அமெரிக்காவில் ஜோஆன் கார்ன்வெல் உருவாக்கிய சிஸ்டர்லாக்ஸ் மாதிரியான முறைகளில் தலைக்கு நானூறு சடைக்கு மேல்கூட இருக்கும். எடை பரவலாக இருப்பது நல்லது. ஆனால் ஒவ்வொரு வேரிலும் இருப்பதே கொஞ்சம் முடி. அதில் கால்வாசி போனாலும் அறுந்துவிடும். தலையில் வழுக்கை ஓடும் குடும்பம் என்று தெரிந்தே புதிதாகச் சடை வைக்கப்போகிறவர் நடுத்தரப் பருமனில், அகலமான அடியோடு தொடங்குவது நல்லது.

சிக்கெடுத்து அவிழ்ப்பது

வெட்டாமலே பழைய தலைக்குத் திரும்பலாம் என்பதால் இதற்கு ஒரு மவுசு உண்டு. கண்டிஷனரை ஊற்றி ஊற்றி, வால்சீப்பின் கூர்நுனியால் நுனியிலிருந்து வேர்வரை பிரித்துக்கொண்டே வர வேண்டும். கையுதவிக்கு ஆளிருந்தாலும் நாள்கணக்கில் ஆகும். முடிவில் ஒரு பந்து அளவு முடி தனியாக வரும். அதில் பெரும்பகுதி இத்தனை வருடத்தில் இயல்பாக உதிர்ந்து உள்ளே தங்கியது, இன்று போனதல்ல. இது தெரியாமல் பாதியில் நிறுத்திவிட்டு அழுதவர்கள் உண்டு.

அடர்த்தி நன்றாக இருந்து, சடை போதும் என்று தோன்றியவருக்கு இது நல்ல வழி. வேர் மெலிந்தவருக்கு நான் சொல்ல மாட்டேன். மிச்சமிருக்கும் முடியின் மேல்தான் அத்தனை இழுப்பும் விழும். அப்படியும் முழுக்க வெட்ட மனமில்லை என்றால் நடுவழி இருக்கிறது: வேரிலிருந்து 7, 8 சென்டிமீட்டர் விட்டு வெட்டிவிட்டு அதை மட்டும் சிக்கெடுங்கள். அந்தப் பகுதி புதியது, இறுக்கமும் குறைவு. ஒரு நாளில் முடியலாம், குட்டை கிராப்போடு எழுந்து வரலாம்.

மொட்டை

இழுவையென்றால் இதைவிட முழுமையான ஓய்வு மயிர்க்காலுக்கு இல்லை. தோல் மருத்துவருக்கும் தலைத்தோல் தெளிவாகத் தெரியும், மருந்து தடவவும் சுலபம். மரபு வழுக்கைக்கு மொட்டையால் எந்த லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. மெஷின் போட்டால் அடர்த்தியாக வளரும் என்பது நம் வீடுகளில் குழந்தைக்குச் சொல்லும் பேச்சு. வெட்டுப்பட்ட முடியின் முனை மழுங்கியிருப்பதால் முரட்டுத்தனமாகத் தெரிகிறது, அவ்வளவுதான். மயிர்க்கால் தோலுக்கு அடியில் இருக்கிறது, மேலே கத்தி ஓடியது அதற்குத் தெரியாது.

இந்த முடிவு சிலருக்கு முடியைப் பற்றியதே அல்ல. ஜமைக்காவில் தோன்றிய ராஸ்தஃபாரி சமயத்தினரான ராஸ்தாக்களுக்குச் சடை விவிலியத்தின் எண்ணாகமம் ஆறாம் அதிகாரத்தில் வரும் நசரேய விரதம். தலையில் சவரக்கத்தி படக்கூடாது. அவர்களுக்குள்ளும் பன்னிரு கோத்திரப் பிரிவில் சடை கட்டாயமில்லை. போபோ அஷாந்திப் பிரிவினர் சடையைத் தலைப்பாகைக்குள் வைத்திருப்பார்கள். ராஸ்தாவான ஜமைக்கா பாடகர் பாப் மார்லியே 1981ல் இறப்பதற்கு முன் புற்றுநோய்ச் சிகிச்சையில் தன் சடையை இழந்தவர்தான். மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் தலையில் சடை விழுந்தால் எல்லம்மா இறங்கியிருக்கிறாள் என்று வெட்டப் பயப்படும் பெண்கள் உண்டு. கழுத்து வலியோடு பல வருடம் அந்தப் பாரத்தைச் சுமப்பவர்களிடம், மூடநம்பிக்கை ஒழிப்பு அமைப்பான அந்தஸ்ரத்தா நிர்மூலன் சமிதியினர் பேசிப் பேசி, சம்மதம் வாங்கி வெட்டிவிடுகிறார்கள். அப்படி ஒரு நம்பிக்கை இருப்பவரிடம் போய் மயிர்க்கால் பாடம் நடத்திப் பயனில்லை. எடையைத் தாங்கும்படி தளர்வான துணிக்கட்டு, வேரைத் தொடாமல் விடுவது, மருந்து என்று வெட்டாத வழிகளைத்தான் அவர் பார்க்க வேண்டும்.

ஃபேஷனுக்காக வைத்தவருக்கு நம்மூரில் ஒரு வசதி: மொட்டையோடு வெளியே வந்தால் "பழனியா, திருப்பதியா?" என்பதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள்.

மருந்து: சடையோடு முடியுமா?

முடியும், கொஞ்சம் சிரமப்பட்டால். மினாக்ஸிடில் முதலில் ரத்த அழுத்த மாத்திரை. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததைப் பார்த்துத் தலைக்குத் தடவும் மருந்தாக்கினார்கள். 1988ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மருந்து தோலில் பட வேண்டும், சடையில் அல்ல. நுரையைச் சடைக்காரர் தடவினால் பாதி முடியிலேயே நின்றுவிடும். சொட்டு மருந்தை வகிடு வகிடாக விட்டு விரல்நுனியால் தேய்ப்பது மேல். சொட்டு மருந்தில் இருக்கும் புரோப்பிலின் கிளைக்கால் சிலருக்கு அரிப்பைக் கொடுக்கும். அரித்தால் நுரைக்கு மாறி, வகிட்டில் மட்டும் வைக்கப் பழகிக்கொள்ள வேண்டும். முதல் சில வாரங்களில் கூடுதலாகக் கொட்டும். பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புது முடி கிளம்புவதால் அப்படி. நான்கு மாதத்துக்கு முன்னால் பலனை எதிர்பார்க்க வேண்டாம், நிறுத்தினால் வந்தது போய்விடும். வீட்டில் பூனை இருந்தால் கவனம்: தலையணையில் பட்ட மருந்தை நக்கினாலும் அதற்கு ஆபத்து. கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் தவிர்க்க வேண்டும்.

தடவுவது சடைக்கு ஒத்துவராதவர்களுக்குச் சில மருத்துவர்கள் குறைந்த அளவு மினாக்ஸிடில் மாத்திரை தருகிறார்கள். கால் வீக்கம், படபடப்பு, முகத்தில் முடி வரலாம் என்பதால் இதயத்தையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துவிட்டுத்தான் தர வேண்டும். நீங்களாக மருந்துக்கடையில் வாங்கும் சமாச்சாரமல்ல. ஆண்களின் மரபு வழுக்கைக்கு 1997 முதல் இருக்கும் ஃபினாஸ்டரைடு சடைக்கு எந்தத் தொந்தரவும் தராது. சிலருக்குப் பாலுறவு நாட்டம் குறைவது, மனச்சோர்வு போன்றவை வரலாம். மருத்துவரோடு வெளிப்படையாகப் பேசி முடிவெடுங்கள். புராஸ்டேட் சுரப்பிக்காகச் செய்யும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையின் எண்ணை இது பாதியாகக் காட்டும் என்பதால் அந்தப் பரிசோதனைக்குப் போகிறவர் சொல்லியாக வேண்டும்.

இழுவையில் வேரோரம் சிவந்து வீங்கியிருந்தால் ஸ்டீராய்டு ஊசியோ களிம்போ தருவார்கள். மேலே இழுத்துக்கொண்டே கீழே மருந்து போட்டால் காசுதான் கரையும்.

கொட்டுவது தலை முழுக்க என்றால் இரும்புச்சத்து, தைராய்டு பார்த்துக்கொள்ளுங்கள். பயோட்டின் மாத்திரை போட்டுக்கொண்டு ரத்தப் பரிசோதனைக்குப் போகாதீர்கள். தைராய்டு, இதயப் பரிசோதனை முடிவுகளை அது மாற்றிக் காட்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017ல் எச்சரித்திருக்கிறது. தேங்காயெண்ணெய் பற்றிக் கேட்பார்கள்: முடித்தண்டுக்கு நல்லதுதான், வேர் முளைக்க உதவாது. பொடுகுக்குக் காரணமான மலசீசியா என்ற பூஞ்சை எண்ணெய்ப்பசையில் வாழ்வது. தலைக்கு ஊற்றிச் சடைக்குள் ஊறவிட்டால் அலசவும் முடியாது.

கெரட்டின் தூள் தூவி மறைப்பது சடைக்கு ஆகாது, உள்ளே போய் அப்பிக்கொள்ளும். தலைத்தோலில் புள்ளி புள்ளியாகப் பச்சை குத்துவது அகன்ற வகிட்டை நன்றாகவே மறைக்கும், இழப்பை நிறுத்தாது.

முடி நடவு

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. பின்தலையிலிருந்து மயிர்க்கால்களை எடுத்து முன்னால் நடுகிறார்கள். ஒவ்வொன்றாகத் தோண்டி எடுக்கும் முறையென்றால் பின்தலையைச் சவரம் செய்ய வேண்டும். சடையில் ஒரு பகுதி போயே தீரும். பட்டையாகத் தோலை வெட்டி எடுக்கும் பழைய முறையில் மேலேயிருக்கும் சடைகளை வைத்தே தழும்பை மூடிவிடலாம். ஆனால் தழும்பு தடித்து வளரும் உடல்வாகு உள்ளவருக்கு அது சரிவராது. நட்ட முடி முதலில் கொட்டி, முழுப் பலன் தெரிய ஒரு வருடம் ஆகும். இழுவையால் போனவர் பழக்கத்தை மாற்றாமல் நட்டுக்கொண்டு, அதிலேயே மறுபடி சடை கட்டினால் இரண்டாவது முறையும் இழப்பார். தழும்பு வகை இன்னும் அடங்காதவருக்கு நட்டதும் போகும்.

2016ல் சென்னையில் முடி நடவுக்குப் போன மருத்துவ மாணவர் ஒருவர் இறந்தார். தேசிய மருத்துவ ஆணையம் 2022ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், யூடியூபிலோ பயிலரங்கிலோ பார்த்துக் கற்றது இதற்குப் போதுமான பயிற்சியாகாது என்று சொல்ல வேண்டிய நிலை இருந்தது. கத்தியைப் பிடிக்கப்போவது மருத்துவரா, மயக்க மருந்தைப் பார்த்துக்கொள்வது யார், அவசரமென்றால் எந்த ஆஸ்பத்திரி என்று கேளுங்கள். சலுகை விலையைப் பற்றி மட்டும் பேசுகிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

யாருக்கு எது

இருபத்தைந்து வயது, ஓரங்களில் மட்டும் மெலிவு, வேரில் பருவும் வெள்ளைக் குழலும் இருப்பவருக்கு என் பதில் தயங்காமல் வரும்: சடையைப் பாதியாக வெட்டுங்கள், முன்வரிசைச் சடைகளை முழுக்க எடுத்துவிடுங்கள், மற்றதை ஊசி தொடாமல் விடுங்கள். ஆறு மாதத்தில் ஓரத்தில் குட்டை முடி தலைகாட்டவில்லை என்றால் மருத்துவரிடம் ஊசிக்கும் மருந்துக்கும் போகலாம்.

முப்பத்தைந்தைத் தாண்டி, அப்பாவுக்கும் மாமாவுக்கும் வழுக்கை இருக்க, உச்சியும் முன்நெற்றியும் போகும் ஆணுக்குக் கேள்வி வேறு. மருந்தை வருடக்கணக்கில் தொடரத் தயார் என்றால் குறைத்த சடையோடு மருந்து. தயாரில்லை என்றால், பின்னால் மட்டும் சடை தொங்க முன்னால் பளபளக்கும் தலையோடு சிலர் கம்பீரமாகவே வாழ்கிறார்கள். எனக்கு அதில் ஆட்சேபமில்லை. பின்சடையை முன்னால் இழுத்து மறைக்க மட்டும் வேண்டாம். அந்த இழுப்பு, நன்றாக இருந்த பின்வேரையும் கெடுக்கும்.

பிரசவம் முடிந்து மூன்று நான்கு மாதத்தில் கொட்டுவதைப் பார்த்துப் பதறும் பெண்ணுக்கு: குழந்தைக்கு ஒரு வயதாகும்வரை வெட்டுவது, அவிழ்ப்பது, சேர்ப்பது எதையும் செய்ய வேண்டாம். வேரைக் கட்டுவதையும் தள்ளிப் போடுங்கள். அதற்கப்புறமும் கழுத்து தடிக்காவிட்டால் தைராய்டும் இரும்பும் பார்க்கலாம்.

மருத்துவரிடம் போகும்போது முன்வாரமே வேரைக் கட்டிக்கொண்டு அழகாகப் போகாதீர்கள். கட்டி ஆறேழு வாரமான தலையோடு, மெழுகும் எண்ணெயும் இல்லாமல் போனால்தான் அவருக்கு எதுவும் தெரியும். சடையைப் பார்த்தவுடன் "முதல்ல இதை எடுத்துட்டு வாங்க" என்று சொல்லும் மருத்துவரும் உண்டு. டெர்மாஸ்கோப் என்ற உருப்பெருக்கியை வகிட்டில் வைத்துப் பார்க்கச் சடை தடையில்லை. வைத்துப் பார்ப்பவரைத் தேடிப் போங்கள்.